நாலாம் எண் ஜாடி

தாம்பத்திய ஈர்ப்பு ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தில் மடிப்புக்குப் புரிந்தது ஒரே ஒரு வரிதான். 'தங்கள் மனைவி நான்காம் எண் ஜாடியைத் தேர்ந்தெடுத்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' மடிப்பின் ஜாடி ஆறாம் எண். மகிழ்ச்சி யாருக்கு என்று கடிதத்தில் போடவில்லை.

மடிப்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இருபத்திரண்டு வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறார். அவர் தேய்த்த சட்டையின் கைமடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் என்று தெருவில் சொல்வார்கள், அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். நாணயமான மனுஷர், ஒரு பொத்தான் விழுந்தால்கூடத் தேடித் தைத்துக் கொடுப்பார். கோளாறு ஒன்றே ஒன்றுதான். மனைவி விஷயத்தில் மனுஷர் சரியான சந்தேகப் பிராணி.

அவள் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை வைத்து, காதுக்குப் பின்னால் கைகொடுத்துச் சரிபார்த்து, "இப்ப இறுக்குதா?" என்று கேட்பது அவள் உத்தியோகம். உலகத்தில் இத்தனை கடை இருக்க, இப்படியொரு கடையிலா வேலை கிடைக்க வேண்டும்? சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மடிப்பு ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கு யாரு யாரு வந்தாங்க? அதுல ஆம்பளைங்க யாரு? கண்ணாடி வாங்கினானா, சும்மா போட்டுப் பாத்துட்டுப் போனானா?"

பதினாலு வருடம் பதில் சொன்னவள், போன மாதம் ஒரு நாள் கைப்பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"இன்னொரு தடவ யாருன்னு கேட்டீங்கன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேங்க. சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

அவள் மிரட்டுகிற ரகமில்லை என்று மடிப்புக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்குக் கை கால் ஓடாது. அதனால் கேள்வியை வாயில் அடக்கி வயிற்றில் போட்டுப் பழுக்க வைத்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. 'உங்கள் துணை யாரை விரும்புகிறார்? அறிவியல் சொல்லும்.' தான் கேட்டால்தானே குற்றம், விஞ்ஞானம் கேட்டால் அவள் கோபித்துக்கொண்டு எங்கே போவாள்? இலவச உடம்புப் பரிசோதனை என்று சொல்லி அவளை அழைத்துப் போனார். ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

பரிசோதனை எளிமையானது. நிறுவனம் கொடுக்கும் வெள்ளைப் பருத்திச் சட்டையைக் கணவன் மூன்று நாள் சோப்பில்லாமல், சென்ட்டில்லாமல் போட்டுக்கொண்டு, பிறகு கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொடுக்க வேண்டும். மனைவி முன்னால் ஆறு ஜாடி வைப்பார்கள். ஒன்று கணவனுடையது. மற்ற ஐந்தும், ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனம் சம்பளத்துக்கு வைத்திருக்கும் 'நிலை ஆண்கள்' ஐவருடையவை. மாதாமாதம் அவர்களுக்குப் புதுச் சட்டை கொடுத்து, போட்டதைத் திரும்ப வாங்கி ஜாடியில் வைப்பது ஏற்பாடு. மனைவி ஒவ்வொன்றாக முகர்ந்து, பிடித்த வரிசையில் எண்களைச் சீட்டில் எழுதுவாள். மடிப்பின் மனைவி முதலிடத்தில் நாலு என்று எழுதினாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே நிறுவனத்துக்கு ஓடினார். தரைத்தளத்தில் எழுத்தர் ஒருவர், மூன்று நிறப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க யாரு?"

"ஆறாம் ஜாடி."

"ஆறாம் ஜாடி சார்பா வந்திருக்கீங்களா?"

"ஆறாம் ஜாடியே நான்தாங்க. நாலாம் ஜாடி யாருன்னு தெரியணும்."

"சொல்ல முடியாதுங்க. அந்தரங்கம்."

"என் சம்சாரம் மோந்து பாத்த ஆளு எனக்கு அந்தரங்கமா?"

"உங்களுக்கு இல்ல, அவருக்கு. உங்க சம்சாரத்தோட அந்தரங்கமும் எங்ககிட்ட பத்திரமா இருக்கு."

"அப்ப என்னோடது?"

எழுத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "உங்களுது நோட்டீஸ் போர்டுல இருக்கு."

மெய்யாகவே இருந்தது. கணவர்களின் பெயர்ப் பட்டியலும், எதிரே அவரவர் பெற்ற இடமும். மடிப்பு ஆறில் ஐந்தாவதாக வந்திருந்தார். ஆறாவதாக வந்த நிலை ஆணுக்குத் தோல் வியாதி என்று அடிக்குறிப்பு இருந்தது.

கொதித்து வருகிற கணவன்மாரை இரண்டாவது மாடிக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை. அந்தக் கட்டடத்தில் முதல் மாடி கண் பிரிவு, இரண்டாவது நெஞ்சுப் பிரிவு, மூன்றாவது மூக்குப் பிரிவு. காதல் எந்த உறுப்பில் இருக்கிறது என்ற தகராறில் மூன்று மாடிக்காரர்களும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. லிஃப்டில் சந்தித்தால் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து நிற்பார்கள்.

நெஞ்சுப் பிரிவில் பொறாமை ஆய்வு அதிகாரி ஓர் இளம்பெண். மடிப்பின் விரல்களில் ஒயரை மாட்டி, எதிரே திரையில் படங்களைக் காட்டினாள். பூ காட்டினாள், மீட்டரின் முள் அசையவில்லை. புலி காட்டினாள், அசையவில்லை. மூக்குக்கண்ணாடி ஒன்றைக் காட்டினாள். முள் துள்ளிப் போய் ஓரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"பத்துக்கு எட்டு புள்ளி ஏழு சார்" என்றாள், குரல் தழுதழுக்க. "இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் யாரும் ஏழைத் தாண்டினதில்ல." பக்கத்து அறைகளிலிருந்து நாலைந்து பேர் வந்து மடிப்பை மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இதுக்கு மருந்து ஏதாவது உண்டாம்மா?"

"மருந்தா? இது நோயில்ல சார், பரிணாமம். லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, குகையில எவன் வந்தா என்னன்னு குறட்டை விட்டவனுக்கு வம்சமே இல்ல. ராத்திரி பகலா சந்தேகப்பட்டானே, அவனோட வாரிசுங்கதான் நாமெல்லாம். நீங்க மனித குலத்தோட முதுகெலும்பு."

"அந்தக் குகைக்காரன்கூட அவன் சம்சாரம் சந்தோஷமா இருந்தாளா?"

அதிகாரி தன் குறிப்புகளைப் புரட்டினாள். "அதுக்கு ஆதாரம் கிடைக்கல சார். ஒரு உதவி பண்ணுங்க. அறிக்கை போற வரைக்கும் வீட்டுல சமாதானம் ஆயிடாதீங்க. இந்த அளவு அப்புறம் கிடைக்காது."

சமாதானமா? மடிப்புக்கு அந்த வார்த்தையே மறந்து போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், மடிப்பின் கண்ணுக்கு வெளுத்த சட்டை போட்டவனெல்லாம் நாலாம் எண். கடைக்கு வருகிற அழுக்குச் சட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். நாலாம் எண்ணின் வாசனை எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாச் சட்டையும் அவனுடையதாகவே இருந்தது. ஒருநாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் மறந்துபோன பையை எடுக்கத் திரும்பி வந்தபோது, தன் சட்டையின் அக்குளில் முகம் புதைத்து நிற்கிற மடிப்பைப் பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"கறை தேடறேன்."

"கண்ணால தேடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு ஓட்டுநர் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் பதினொரு வாடிக்கையாளர் கடை மாறினார்கள்.

வீட்டில் அவர் வாயைத் திறக்கவேயில்லை. மனைவி தலை சீவினால் பார்த்தார். ஜன்னலைத் திறந்தால் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவள் மூச்சை இழுத்து விட்டால், எந்த வாசனையை நினைத்து இழுக்கிறாளோ என்று இவரும் இழுத்துப் பார்த்தார்.

"வாயால கேக்கலன்னா கேக்கலன்னு ஆயிடுமா?" என்றாள் அவள், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே. "கண்ணாலயே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. முதுகுல படுதுங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"அந்த வார்த்தைய மட்டும் வாய்ல கொண்டு வந்துடாதீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

இந்த நிலையில்தான் நிறுவனம் கணவர்களுக்கு ஒரு கூட்டம் போட்டது. சோதனையில் கலந்துகொண்ட மனைவிமார் முந்நூற்று நாற்பது பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர் நாலாம் ஜாடியையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேரின் கணவர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஒருவர் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்க்க, அவர் அதற்கடுத்தவரைப் பார்க்க, கடைசி வரிசையில் இருந்தவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.

இயக்குநர் மேடையேறினார்.

"அன்பான கணவர்களே, காதல் எங்க இருக்கு? கண்ணுலன்னு சொன்னாங்க. அவங்களுக்கு முதல் மாடிய குடுத்தோம். நெஞ்சுலன்னாங்க. அவங்களுக்கு ரெண்டாவது மாடி. நான் மூக்குலன்னு சொன்னேன், என்னை இயக்குநர் ஆக்கினாங்க. ஒரு பொண்ணு ஒரு ஆம்பளைய மோந்து பாக்கற ஒரு நொடியில, அவனோட நோய் எதிர்ப்பு மரபணு அத்தனையும் அவ மூளைக்குப் போயிடுது. அவளுக்குப் பொறக்கப்போற குழந்தைக்குச் சளி பிடிக்குமா பிடிக்காதான்னு அவ மூக்குக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாதத நாம தெரிஞ்சுக்கறதுதான் விஞ்ஞானம்."

கைதட்டலுக்காக நிறுத்திப் பார்த்தார். வரவில்லை.

"நாலாம் எண் உங்க எதிரி இல்ல. அவர்தான் உங்க இலக்கு. அந்த மணத்துல என்ன இருக்கு? எங்க அறிக்கையோட நாற்பதாம் பக்கம் சொல்லுது: உறுதி இருக்கு, ஆரோக்கியம் இருக்கு, நிதானம் இருக்கு. அடுத்த மாசம் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போறோம்."

முன்வரிசையிலிருந்து ஒரு கணவர் எழுந்தார். "அந்தச் சட்டைய நீங்க மோந்து பாத்தீங்களா ஐயா?"

"ஊழியர்கள் யாரும் மாதிரிகளை முகரக் கூடாதுன்னு பதினோராவது விதி இருக்கு. முகர்ந்தா நடுநிலை போயிடும். அதுமட்டுமில்ல, எனக்குப் பல வருஷமா ஜலதோஷம், எந்த வாசனையும் தெரியாது. மூக்குப் பிரிவுக்குத் தலைமை தாங்க என்னைத் தேர்ந்தெடுத்ததே அதுக்காகத்தான். என்கிட்ட பாரபட்சம் இருக்க வழியே இல்ல."

கூட்டம் முடிந்ததும் மடிப்பு எழுத்தரின் மேசைமுன் போய் நின்றார். அழுதுவிடுவார் போலிருந்தார். எழுத்தர் கல்நெஞ்சக்காரரல்ல, விதியைப் படித்தவர், அவ்வளவுதான்.

"கணவனா வந்தீங்கன்னா அந்த ஜாடிய நான் காட்ட முடியாதுங்க. ஆனா சோதனை முடிஞ்சா சட்டையெல்லாம் வெளுத்து ஸ்டோருக்குத் திருப்பணும். அதுக்கு நாங்க சலவைக்கடை தேடிக்கிட்டு இருக்கோம். சலவைக்காரரா வந்தீங்கன்னா ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டே போயிடலாம்."

மடிப்பு அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, தேய்க்கிற மேசைமேல் ஐந்து ஜாடிகளையும் வரிசையாக வைத்தார். இஸ்திரிப்பெட்டியைக் கடைசிப் புள்ளிவரை சூடேற்றி வைத்துக்கொண்டார். நாலாம் எண்ணின் சட்டையைப் பொசுக்கி, இரண்டு முழங்கைக்கும் ஓட்டை போட்டுத் திருப்பி அனுப்புவது திட்டம். எதிரி வந்து நின்று பார்க்கப் போவதில்லை என்றாலும், வயிற்றெரிச்சலுக்கு அது போதும் என்று நினைத்தார்.

தொழில் புத்தி விடவில்லை. முதலிலிருந்தே தொடங்கினார். ஒன்றாம் எண் புகை பிடிக்கிறவன், ஒருக்களித்துப் படுக்கிறவன். இரண்டாமவனுக்குத் தோல் மருந்து, பாவம். மூன்றாமவன் கழுத்தைச் சொறிகிறவன், காலரே சொன்னது. ஐந்தாமவன் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டு நிறுவனத்தை ஏமாற்றியிருக்கிறான். கடைசியாக நாலாம் ஜாடியின் மூடியைத் திருகினார். மூக்கை உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய இழுத்தார்.

ஒன்றுமில்லை.

மறுபடி இழுத்தார். பஞ்சு வாசனை, கொஞ்சம் ஆலைக் கஞ்சி. சட்டையை வெளியே எடுத்து உதறினார். உதறிய வேகத்தில் விரலில் சுருக்கென்று ஏறியது. காலருக்கு அடியில் ஆலைக்காரன் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது. முதுகில் அட்டையின் தடம். ஐந்து பொத்தானும் போட்டது போட்டபடி, ஒரு பொத்தான் துளையில் பிசிறுகூட வெட்டவில்லை. லட்சம் சட்டை பார்த்த கை அது, பொய் சொல்லாது. இந்தச் சட்டைக்குள் எந்த ஆணும் எந்த நாளும் நுழைந்ததில்லை.

விரலைச் சப்பிக்கொண்டே எழுத்தரிடம் ஓடினார்.

"நாலாம் எண் சட்டைய யாருமே போடலீங்க."

"எப்படிப் போடுவாங்க?" என்றார் எழுத்தர் நிதானமாக. "அந்தப் பணியிடம் மூணு வருஷமா காலி. ஆள் எடுக்க இன்னும் உத்தரவு வரல."

"அப்ப சட்டை?"

"பணியிடம் இருக்குல்லங்க. அதுக்கு மாசம் ஒரு சட்டை ஒதுக்கீடு. ஒண்ணாந்தேதி ஸ்டோர்லேருந்து வரும், ஜாடிக்குப் போகும். ஒரு மாசம்கூடத் தவறினதில்ல."

"இத ஏங்க யாருக்கும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே. நாலாம் எண் யாருன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. ஆள் இருக்காரான்னு ஒருத்தரும் கேக்கல."

இதைக் கேட்டுக்கொண்டே வந்த பொறாமை ஆய்வு அதிகாரி அவரைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் எண் யாருமில்லை என்று தெரிந்துவிட்டதால் அளவு இறங்கியிருக்கும் என்ற கவலையோடு தாழ்வாரத்திலேயே ஒயரை மாட்டினாள். முள் ஒன்பதைத் தாண்டியது.

"ஆளே இல்லைன்னு தெரிஞ்ச பிறகு ஏன் சார் ஏறுது?"

"ஆளுன்னு ஒருத்தன் இருந்தா சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம். இங்க சட்டை மட்டுந்தானேம்மா இருக்கு" என்றார் மடிப்பு. அவள் அதை எழுதிக்கொண்டாள்.

விஷயம் இயக்குநர் அறைக்குப் போயிற்று. அவர் கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. பொன்னாடை வாங்கியாச்சு. இருநூத்தித் தொண்ணூத்தியொரு பொண்ணுங்க எந்த ஆம்பளையும் வேண்டாம்னு சொன்னாங்கன்னு நான் எழுத முடியுமா? இது ஆம்பளைங்களைப் பத்தின நிறுவனம். ஆள் இல்லாதது ஒரு நிர்வாகக் குறை, அவ்வளவுதான். குறைய இன்னிக்கே நிவர்த்தி பண்ணிடலாம்." மடிப்பை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு வயசென்ன?"

அரைமணி நேரத்தில் எழுத்தர் உத்தரவைத் தட்டச்சு செய்து முத்திரை குத்தினார். மடிப்பு மூன்று வருட முன்தேதியிட்டு நாலாம் நிலை ஆணாக நியமிக்கப்பட்டார். முந்நூற்று நாற்பது பெண்களில் இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர் விரும்பிய ஆண், அவர்களில் தன் மனைவியும் ஒருத்தி என்ற நினைப்பு, படியிறங்கும்போதே அவருக்கு ஒரு சாண் உயரத்தைக் கூட்டியது. இனி பொறாமைப்பட என்ன இருக்கிறது? அவள் தேர்ந்தெடுத்தது இவரையேதானே.

வீட்டுக்குப் போனபோது அவள் மேசையருகே உட்கார்ந்து, யாருடைய கண்ணாடிக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். மடிப்பு அதைப் பார்த்தும் பாராதவர்போல் எதிரே உட்கார்ந்தார்.

"நாலாம் நம்பர் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"கேட்டுட்டீங்க" என்றாள். பிறகு, "தெரியும். யாருமில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் மூக்கு இருக்குங்க. மூடியத் தெறந்தேன். உள்ள யாருமே இல்ல. அப்படியே கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் என்னைப் பாக்காம, ஒருத்தரும் ஒண்ணும் கேக்காம நின்னு எத்தன வருஷமாச்சு."

"அப்ப என் ஜாடி?"

"ஆறு. தெறந்ததுமே தெரிஞ்சு போச்சு. இதுல உங்க வீட்டுக்காரர் எதுன்னு கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுத்திருப்பேன். எது பிடிச்சிருக்குன்னு கேட்டாங்க."

அப்போதும் சட்டைப்பையிலிருந்த உத்தரவு மடிப்பைச் சும்மா இருக்கவிடவில்லை. எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தார். "இதப் படி. இனிமே நாலாம் நம்பர் நான்தான். அதிகாரபூர்வமா."

அவள் படித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார், அவள் கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தாள்.

"இருந்தது ஒரே ஒரு காலி இடங்க. அதையும் நீங்களே போய் நிரப்பிட்டீங்களா?"

எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தாள். புடவைகளை அவர் தேய்த்த மடிப்புக் கலையாமல் அடுக்கினாள். மடிப்பு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு, அக்கா வீட்டில் வேறு யார் இருப்பார்கள், அக்கா வீட்டுக்காரரின் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறானா, எல்லாம் நாக்கு நுனியில் வந்து முட்டின. பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே சாதுவான ஒன்றைத் தேடியெடுத்துக் கேட்டார்.

"எப்ப வருவ?"

"இதுவும் கேள்விதாங்க" என்றாள் அவள்.

பெட்டியை அவரே நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போனார். வழி முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேருந்து வந்தது. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கி நின்றார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. பேருந்து நகர்ந்தபோது மடிப்பால் முடியவில்லை, நாலு எட்டு ஓடி, எக்கி, அவள் பக்கத்து இருக்கையில் யார் என்று பார்த்தார்.

யாரும் இல்லை. மடிப்புக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.